ஆட்களை எண்ணாதவர்

எங்கள் மூன்றாம் மாடிக்கு ஐம்பத்துநான்கு படிகள். லிஃப்ட் ஓடாத நாட்களில் எண்ணிக்கொண்டுதான் ஏறுவேன். முப்பத்தாறாவது படியில் ஒரு நிமிடம் நிற்பேன். அந்த இடத்தில் எதிர்வீட்டுக்காரர் இறங்கி வந்து எதிர்ப்பட்டால் என் கணக்கெல்லாம் குழம்பிப் போய்விடும். “எப்படி ஈக்கிறீங்க?” என்று தொடங்குவார். உடம்பு எப்படி, காலை எப்படி, வீடு எப்படி, கனடாவில் இருக்கும் மகள் எப்படி, மருமகன் எப்படி, பேரப்பிள்ளைகள் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் எல்லாவற்றுக்கும் சுகம், சுகம் என்று சொல்லி முடித்தால், “அப்ப நீங்க எப்படி ஈக்கிறீங்க?” என்று மறுபடியும் முதலிலிருந்து. ஒருநாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம், இருபது செக்கன். என் பையில் இரண்டு தேங்காயும் ஒரு கிலோ உருளைக்கிழங்கும் இருந்தன.

அவர் செனகல் நாட்டவர். இரத்தினக்கல் வியாபாரம். இலங்கைக்கு வந்த புதிதில் ஆறேழு வருடம் பேருவளையில் இருந்திருக்கிறார். அங்குள்ள முஸ்லிம் வியாபாரிகளிடம் தொழிலோடு தமிழையும் படித்துக்கொண்டு, பிறகு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு, என் வீட்டுக்கு நேரெதிர் வீட்டுக்கு வாடகைக்கு வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், கணுக்கால் வரைக்கும் நீல அங்கி, வாயைத் திறந்தால் ‘இருக்கு’வை ‘ஈக்கிது’ என்றும் ‘சொல்லு’வைச் ‘செல்லு’ என்றும் சொல்லும் பேருவளைத் தமிழ். முதல்நாள் என் கதவைத் தட்டி, “எங்கட ஊட்டுல தண்ணி வருதில்ல, உங்கட ஊட்டுல ஈக்கிதா?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லவே கொஞ்ச நேரம் எடுத்தது.

தொடர்மாடியில் எல்லோரும் அவரை ‘ஆபிரிக்கன்’ என்றுதான் சொன்னார்கள். நானும் ஒருமுறை அவர் காதுபடச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

“ஆபிரிக்கா பெரிசி. நான் செனகல். உங்களப் பாத்து ஒராள் இந்தியன் எண்டு சொன்னா எப்படி ஈக்கும்?”

“அது பிழைதானே.”

“பொறகென்ன?”

அதன் பிறகு நான் செனகல் என்றுதான் சொன்னேன். மற்றவர்களையும் திருத்தினேன். என்னுடைய தொழில் அப்படி. முப்பத்தைந்து வருடமும் நான்கு மாதமும் அரசாங்கத்தின் ஒரு புள்ளிவிபரப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். தலைப்பு பிழையாக இருந்தால் கீழே உள்ள எண்கள் எல்லாம் வீண்.

அவரும் எண்ணுகிற தொழில் செய்தவர்தான். காலை ஒன்பது மணிக்கு யன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியை விரித்து, பக்கற்றில் இருந்து நீலக்கற்களைக் கொட்டி, சாமணத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவார். மூன்று தடவை எண்ணுவார். நூற்றெட்டு என்றால் மூன்று தடவையும் நூற்றெட்டு வரவேண்டும். கதவு திறந்திருக்கும் நாட்களில் நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்ததே அந்தக் காட்சியால்தான். இவர் நம்மவர் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு ஒரு கேள்வியில் உடைந்தது. “உங்களுக்கு எத்தினை பிள்ளையள், தம்பி?” என்று கேட்டேன். யாரும் கேட்கிற கேள்வி.

“ஈக்கிறாங்க. அல்ஹம்துலில்லாஹ்.”

“ஓம், எத்தினை பேர்?”

அவர் மூத்த மகனின் பெயரைச் சொன்னார், அவன் மீன்பிடிப் படகுக்குப் பூ வரைகிறவன் என்றார். அடுத்த மகளின் பெயரைச் சொன்னார், அவள் சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும் என்றார். இப்படியே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை. நான் மேசைக்குக் கீழே விரல்களை மடக்கினேன். ஆறு வந்தது. அடுத்த மாதம் வேறொரு பேச்சில் மறுபடி கேட்டபோது எட்டு வந்தது. செத்துப்போன அண்ணனின் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது சேர்ந்திருந்தார்கள். “அப்ப மொத்தம் எட்டோ?” என்றேன். அவர் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

அந்தத் தேத்தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னக் கண்ணாடிக் கிளாஸில் மூன்று தடவை வரும். முதலாவது வேப்பெண்ணெய்க் கசப்பு, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது சீனிப்பாணி. மூன்றும் குடித்து முடிய ஒன்றேகால் மணித்தியாலம் போகும். நடுவில் எழுந்து போனால் மரியாதையில்லை. கிளாஸை எண்ணலாம், கல்லை எண்ணலாம். ஆளை மட்டும் எண்ணக்கூடாது என்பது அவர் சட்டம்.

காரணத்தை நான் அறிந்தது ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டில் பெரிய சாப்பாடு. வெள்ளிக்கிழமை நான் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை என்று சொன்னதும், எனக்காகச் சனிக்கிழமை சமைத்தார். பாரை மீன், மரவள்ளி, கரட், கோவா எல்லாம் போட்டுத் தக்காளியில் அவித்த சிவப்புச் சோறு. ஒரே ஒரு தாம்பாளத்தில் கொட்டி, நிலத்தில் பாய் விரித்து, எல்லோரும் அதைச் சுற்றி இருந்தார்கள். பேருவளை முஸ்லிம்களும் ஒரே சகன் தட்டில் சாப்பிடுவார்கள், ஆனால் சகனுக்கு ஆறு பேர் என்று ஒரு கணக்கு உண்டு. இவருக்கு அதுவும் இல்லை. யாராவது கதவைத் திறந்து வந்தால் இருக்கிறவர்கள் முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்குவார்கள், அவ்வளவுதான். விமான நிலையத்தில் இருந்து நேரே வருகிற உறவுக்காரர், சீனாவுக்குப் போகிற வழியில் தங்குகிறவர், கல் வெட்டப் பழகுகிறவர், அவருடைய தம்பி, தம்பியின் மனைவி என்று எப்போதும் வீடு நிறைய ஆட்கள்.

பிறர் கைபட்ட பாத்திரத்தில் என் வாழ்நாளில் நான் சாப்பிட்டதில்லை. ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. அவரவர் முன்னால் உள்ள பக்கத்தில்தான் கை போகும். நடுவில் இருக்கும் மீனை அவர்தான் பிய்த்து விருந்தாளியின் பக்கம் தள்ளுவார். தள்ளித் தள்ளி என் பக்கம் மீன் குவிந்தது. அவர் பக்கம் வெறும் சோறு. எனக்கு அந்தரமாகிவிட்டது. எல்லோருக்கும் சரிசமமாகப் பிரிக்க வேண்டும் என்று நினைத்து, விரலை நீட்டி எண்ணத் தொடங்கினேன். “ஒண்டு, ரெண்டு, மூண்டு…”

பேச்செல்லாம் நின்றுபோனது. அவர் சாப்பிடாத கையால் என் விரலைப் பிடித்து மெதுவாக மடக்கினார்.

“ஐயா, வாணாம். எண்ணினா கொறையும்.”

“எது குறையும்?”

“ஆள்தான். எங்கட ஊருல மனுசர எண்ணமாட்டோம். எண்ணியே ஆகணுமெண்டா, ஆள் எண்டு சொல்லாம குச்சி எண்டு சொல்லுவோம். மவுத்துக்கு, அதான் சாவுக்கு, காது நல்லாக் கேக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இந்த வெள்ளவத்தையில் எண்ணிக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியூர்க்காரருக்கு எங்கே தெரியும்? சண்டை நடந்த காலத்தில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒரு பொலிஸ் படிவம் இருந்தது. வீட்டில் யார் யார் படுக்கிறார்கள், மொத்தம் எத்தனை பேர். என் வீட்டில் அது முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. எழுதியிருந்த எண் நான்கு. ஒருநாள் சோதனைக்கு வந்தார்கள். என் மனைவியின் அண்ணன் மகன் அன்று காலைதான் ஊரில் இருந்து வந்து குளித்துக்கொண்டிருந்தான். எண்ணினார்கள். ஐந்து. ஈரத் தலையோடு கூட்டிக்கொண்டு போய், ஒன்பதாம் நாள் விட்டார்கள். அதன் பிறகு அவன் சத்தமாகப் பேசியதை நான் கேட்கவில்லை. இதை அவரிடம் சொல்லி, “எண்ணிக்கை சரியா இருந்திருந்தால் அவனுக்கு ஒண்டும் நடந்திருக்காது, தம்பி. அதால்தான் சொல்லுறன்” என்றேன்.

அவர் இன்னொரு துண்டு மீனை என் பக்கம் தள்ளினார்.

“இல்ல ஐயா. எண்ணினதாலதான் அவர் மிச்சமாகினார். எண்ணாட்டி அவர் உங்கட ஊட்டுப் புள்ளதானே.”

மீனைச் சாப்பிட்டேன். முள் இரண்டு தொண்டையில் குத்தின.

அன்றைக்குப் பிறகுதான் என்னை அவர் மச்சான் என்று கூப்பிடத் தொடங்கினார். எனக்கு அப்போது எழுபத்தைந்து வயது, அவருக்கு ஐம்பது இருக்கும். மச்சான் என்றால் சும்மாயில்லை. வாசலில் நின்ற காவலாளிக்கு முன்னால், “இந்தக் கெழவன் நேத்து எங்கட ஊட்டுல ரெண்டு கிலோ சோத்த முழுங்கிட்டு, சட்டியையும் சொரண்டினார்” என்றார். நான் ஒன்றரைக் கோப்பைக்கு மேல் சாப்பிடுவதில்லை. பத்து நாள் அவரோடு கதைக்கவில்லை. பதினோராம் நாள் முப்பத்தாறாவது படியில் மறித்துக்கொண்டு விளக்கினார். அவர்கள் நாட்டில் இன்ன குடும்பப் பெயர்க்காரரும் இன்ன குடும்பப் பெயர்க்காரரும் சந்தித்தால் ஒருவரை ஒருவர் சோற்றுக் கள்ளன் என்று ஏசிக்கொள்ள வேண்டுமாம். ஏசாவிட்டால்தான் மனவருத்தமாம். முன்பின் தெரியாதவர்கள்கூட, பெயரைக் கேட்ட உடனே ஏசிச் சிரித்துச் சொந்தமாகிவிடுவார்களாம்.

“உங்களுக்கு அந்தப் பேர் இல்ல. நான்தான் தந்தீக்கிறேன். இப்ப நீங்க திருப்பி ஏசணும்.”

எனக்கு ஏச வராது. படியில் நின்று யோசித்தேன். கடைசியில், “உம்மட தாடிக்குள்ள முந்தநாள் மீன்முள்ளு கிடக்குது” என்றேன். அவர் சுவரில் அடித்து அடித்துச் சிரித்தார். இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்து மூடியது.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பிறகு தண்ணீர்ப் பிரச்சினை வந்தது.

எங்கள் தொடர்மாடியில் பதினாறு வீடு, மொட்டைமாடியில் ஒரு தொட்டி. காலை ஆறரைக்கே தொட்டி வற்றத் தொடங்கியது. குடியிருப்பாளர் குழுவின் தலைவர் ஐந்தாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். நான் செயலாளர், ஒன்பதாவது வருடம். “பைப்பைத் திறந்தால் காத்துத்தான் வருது. மூண்டாம் மாடியிலை ஒரு ஊரே குளிக்குது” என்றார் தலைவர். வீட்டுக்கு ஐந்து பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி. அந்த வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொல்லும்படி என்னிடம் ஒப்படைத்தார்கள். விதி மீறினால் வீட்டுக்காரருக்குக் கடிதம் போகும், அவர் வாடகை ஒப்பந்தத்தை நீட்டமாட்டார். ஒப்பந்தம் இல்லாவிட்டால் செனகல்காரருக்கு விசா இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மூன்று காலை கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்து எண்ணினேன். பதினொரு பேர். மூன்று தடவையும் பதினொன்றுதான் வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் அவர் வந்தார். நலம் விசாரிப்பு முழுவதும் நடந்தது.

“மச்சான், நாளைக்கி கூட்டத்துல நீங்க கணக்குச் செல்லப்போறீங்க எண்டு கேள்விப்பட்டேன்.”

“என்ரை கடமை, தம்பி.”

“போகச் செல்லுங்க, போறேன். அதுக்குக் கோவமில்ல. எங்கட ஆக்கள எல்லாருக்கும் முன்னுக்கு எண்ணிச் செல்லவாணாம். அது மட்டும்தான்.”

நான் பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்பதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று இத்தனை வருடத்தில் அவருக்கும் தெரிந்திருக்கும்.

கூட்டம் கீழே கார் நிறுத்துமிடத்தில், காலை பத்துக்கு. பிளாஸ்ரிக் கதிரைகளில் பதினான்கு பேர். தலைவர் கெட்டவர் அல்ல. செனகல்காரரைக் கதிரையில் இருக்கச் சொல்லி, “பாருங்கோ, உங்கடை வீட்டிலை எத்தினை பேர்? அஞ்சு எண்டு நீங்கள் வாயாலை சொன்னால் நான் அஞ்சு எண்டு எழுதிப்போட்டு விடுறன்” என்றார். வேறு யாராக இருந்தாலும் ஐந்து என்று சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லியிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “எங்கட ஆக்கள் ஈக்கிறாங்க” என்றார்.

“ஓம், எத்தினை?”

“ஈக்கிறாங்க.”

பொய்யாகக்கூட ஓர் எண்ணை அவர்கள்மேல் வைக்க அவருக்கு மனமில்லை. தலைவர் என்னைப் பார்த்தார். “செக்ரட்டரி, உங்கடை கொப்பியைச் சொல்லுங்கோ.”

எனக்கு மூக்குக்கண்ணாடியைத் தேட ஒரு நிமிடம் இருந்தது. கொப்பியை வீட்டில் விட்டுவிட்டேன் என்று சொல்ல இன்னொரு நிமிடம் இருந்தது. எனக்கு ஈரத் தலையோடு போன அந்தப் பிள்ளைதான் நினைவுக்கு வந்தான். சரியான எண் யாரையும் கைவிடாது என்று முப்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று, “பதினொன்று” என்றேன். மூன்று நாள் சரிபார்த்தது என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

அவர் கண்ணை மூடி உதட்டுக்குள் எதையோ சொன்னார். எழுந்து தலைவருக்குச் சலாம் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

வீட்டைக் காலிசெய்ய இரண்டு வாரம் தவணை. அந்தப் பதினான்கு நாட்களும் படிக்கட்டில் அதே நான்கு நிமிட விசாரிப்பு நடந்தது. மச்சான் என்றுதான் கூப்பிட்டார், ஆனால் ஏசவில்லை. நானும் ஏசவில்லை. கடைசி நாள் காலை என் கதவைத் தட்டினார். உடம்பு, காலை, வீடு, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். எல்லாம் முடிந்ததும் கையை நீட்டினார்.

இடது கை.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். ஒரு வெற்றிலையைக்கூட நாங்கள் இடது கையால் கொடுப்பதில்லை. அவர்களும் இடது கையைச் சாப்பாட்டில் வைப்பதில்லை, நானே பார்த்திருக்கிறேன். சரி, இதுதான் எனக்கான தீர்ப்பு, மனுசன் அமைதியாக என்னை அவமதித்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு அது தகும் என்றும் பட்டது. ஆனாலும் கொடுக்க முடியவில்லை. ஓரடி பின்னுக்குப் போய் இரண்டு கையையும் கூப்பினேன். அவர் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு, “சரி மச்சான்” என்று சொல்லி இறங்கிப் போனார்.

மறுநாள் பேப்பர் எடுக்கக் கீழே போனேன். காவலாளி ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். “பாய் போனது மனசுக்கே சங்கடமா இருக்கு சார்” என்றார்.

“போகேக்கை எனக்கு இடது கையைத் தந்தவர்” என்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

“எனக்கும்தான் சார் குடுத்தாரு. என்னா பாய் பீச்சாங்கைய நீட்டுறீங்கன்னு நான் கேட்டுப்புட்டேன். அவங்க ஊருல தூரப் பயணம் போறவங்க அப்படித்தான் குடுப்பாங்களாம். தப்புன்னு தெரிஞ்சே செய்றதாம் சார். ஒரு தப்ப செஞ்சி வச்சிட்டுப் போனா, அத சோத்துக்கையால சரி பண்ணத் திரும்பி வந்துதானே ஆகணும்?”

“எல்லாருக்கும் குடுத்தவரோ?”

“மேல உங்களுக்கு, கீழ எனக்கு. வேற யாருக்கும் குடுக்கல.”

நான் பேப்பரை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

விமானத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதுவரைக்கும் கொட்டாஞ்சேனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார் என்று காவலாளிக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பஸ் மாறி, தேவாலயத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் விசாரித்து, ஒரு கடைக்கு மேலே இருந்த வீட்டைக் கண்டுபிடிக்கப் பதினொரு மணியாகிவிட்டது. கதவைத் திறந்தவர் அவரேதான். மூச்சு வாங்கியது. இடது கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“முதல்ல எப்படி ஈக்கிறீங்க எண்டு செல்லுங்க.”

“சுகம்.”

“உடம்பு எப்படி? காலை எப்படி? பஸ் எப்படி?”

நீட்டிய கையோடு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தோள்மூட்டு வலித்தது. மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் வரைக்கும் வந்து, திரும்பவும் நான் எப்படி என்று கேட்டு முடித்த பிறகுதான் தன் இடது கையால் என் இடது கையைப் பிடித்தார். பழக்கமில்லாத கைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. பெருவிரல்கள் இடறின. அதற்குச் சிரித்தோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தலையை ஆட்டி, உள்ளே கூட்டிப் போய்த் தாம்பாளத்துக்கு முன்னால் இருத்தினார். இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கினார்கள்.

அவர் போய் இரண்டு வருடமும் ஐந்து மாதமும் ஆகிறது. தொட்டி அதற்குப் பிறகும் ஆறரைக்கு வற்றியது. மொட்டைமாடிக் குழாய் ஒன்றில் ஒழுக்கு இருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். கூட்ட அறிக்கையில் அதையும் எழுதி வைத்தேன்.

போன மாதம் மகள் தொலைபேசியில் அழுதாள். எனக்கு இப்போது எழுபத்தொன்பது. வீட்டை வாங்க ஓர் ஆள் வந்து இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கனடாவுக்கான கடதாசி எல்லாம் அவள் சரிசெய்துவிட்டாள்.

“ஏனப்பா திரும்பவும் மாட்டன் எண்டுறியள்? அங்கை தனிய இருந்து என்ன செய்யப்போறியள்?”

“நான் ஒரு பிழை செய்து வைச்சிருக்கிறன், பிள்ளை. அதைத் திருத்த ஒருத்தர் இந்தக் கதவுக்கு வரவேணும்.”

“ஆர்? எப்ப வருவாராம்?”

“அதை நான் கேக்கேல்லை” என்றேன்.